ஆளேறா மலைக்குப் போன மூன்று சேணங்கள்

ஆளேறா மலையில் இதுவரை ஆளே ஏறியதில்லை என்று கொப்பையன்பட்டிக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். அவர்களை ஆள் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா என்பதில்தான் ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மூவரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். ஆளுக்கொரு மட்டக்குதிரை வைத்துக்கொண்டு, சந்தைக்குச் சந்தை உப்பும் கருவாடும் ஏற்றிப் போவது தொழில். மூத்தவன் மொக்கையன். யோசிக்காமல் எதையும் செய்யமாட்டான். யோசித்த பிறகு அவன் செய்வதைப் பார்த்தால், யோசிக்காமலே செய்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். நடுவன் சுருளி. எதற்கும் சட்டம் பேசுவான். கடைசி ஒச்சு. பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். அது ஒரு குறை என்று அந்த ஊரில் அதுவரை யாரும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் மலை உச்சியில் மேகம் கறுப்பதும், மின்னுவதும், பொத்துக்கொண்டு ஊற்றுவதும் ஊரில் நின்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் நரியூத்து ஓடையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வயலில் நெற்பயிர் பொதி கட்டுகிற நேரம். இன்னும் சில நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

ஊரிலேயே அதிகம் தவித்தவர் அம்பலக்காரர் பொன்னழகுதான். ஊர்த்தலைவர் என்பதால் மட்டும் இல்லை. "ஓடை இருக்கையில என்னப்பா பயம்?" என்று தைரியம் சொல்லி, சோளம் விதைக்கிற மேட்டு நிலத்திலும் நெல்லை நட வைத்தவர் அவர். பயிர் காய்ந்தால் ஊர் அவரை அடிக்காது, திட்டாது, சும்மா பார்க்கும். அந்தப் பார்வையை நினைத்துத்தான் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மேலே எங்கோ ஓடை அடைத்துக்கொண்டிருக்கிறது, யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போவது யார்? மலையில் பாதை கிடையாது. ஆள் உயரத்துக்குப் புல், காலைச் சுற்றி அட்டை, புதருக்குப் புதர் கரடி. ஒருமுறை காணாமல்போன மாட்டைத் தேடி ஏறிய ஒருவர் கால்வாசி மலையிலேயே திரும்பிவந்து, இனி மாடே வேண்டாம் என்று ஆட்டுக்கு மாறிவிட்டார். குதிரை இருப்பவர்கள் போனால் நல்லது என்று யாரோ சொல்ல, ஊர் ஒருமனதாக இந்த மூன்று பேரையும் கைகாட்டியது. அம்பலக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆபத்துக்குப் பாவமில்லை.

விடிந்ததும் மூவரையும் குதிரைகளோடு நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்கங்கப்பா. அது மலைச்சாமி குடியிருக்கிற எடம். அடிவாரத்துப் புளியமரத்தைத் தாண்டிட்டா, செருப்புப் போட்ட கால் ஒண்ணுகூட மலையில படக்கூடாது. காடு பூரா அட்டை, அதனால என்ன ஆனாலும் சேணத்தை விட்டு எறங்காதீங்க. வழி தெரியலைன்னா, எதிர்ல யாரு வந்தாலும் கும்பிட்டு மரியாதையாக் கேளுங்க."

"கேக்குறோங்கய்யா" என்றான் மொக்கையன்.

"ஓடையை என்ன அடைச்சிருக்குன்னு பாத்து எடுத்து விடுங்க. ஒண்ணே ஒண்ணு, தண்ணி வர்றதுக்கு முன்னாடி நீங்க வந்து சொல்லிடணும். மடை மூடிக் கெடக்கு. சொல்லாமக் கொள்ளாமத் தண்ணி வந்தா கரை ஒடைஞ்சுபோகும்."

"சொல்லாம வராதுங்கய்யா" என்றான் மொக்கையன், தண்ணீருக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்து.

அடிவாரத்துப் புளியமரத்தடியில் மூவரும் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். மலைச்சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குதிரையில் ஏறப்போகும் நேரம், சுருளி தன் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அண்ணே, இதுக்குக் கீழ லாடம் இருக்கு."

"குதிரைன்னா லாடம் இருக்கத்தான்டா செய்யும்."

"அதைச் சொல்லலைண்ணே. அய்யா என்ன சொன்னாரு? செருப்புப் போட்ட கால் ஒண்ணுகூடன்னாரு. நம்ம காலுன்னா சொன்னாரு?"

மொக்கையன் உட்கார்ந்து யோசித்தான். "லாடம் செருப்பா, நகையா? அதை முதல்ல முடிவு பண்ணணும். கொலுசும் கால்லதான் கெடக்கு, அதை யாரும் கழட்டச் சொல்றதில்ல."

"கொலுசு பாதத்துக்கு மேல கெடக்கு, லாடம் கீழ கெடக்கு. மேல கெடந்தா நகை, கீழ கெடந்தா செருப்பு."

"லாடத்தை ஆணி வச்சுல்ல அடிச்சிருக்கு?" என்றான் ஒச்சு.

"நீ போட்டுட்டு வந்த செருப்புல ஆணி இல்லையா?"

ஒச்சு தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். இருந்தது. வழக்கு முடிந்தது. குதிரைக்காரர்கள் கையில் எப்போதும் இடுக்கியும் சுத்தியலும் இருக்கும் அல்லவா? லாடங்கள் எல்லாவற்றையும் பிடுங்கி, செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக வைத்தார்கள். பிடுங்கும்போது மொக்கையனின் குதிரை அவனை ஒரு உதை விட்டது. மலைச்சாமி அவசரப்படுத்துகிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

புல் சரிவு வரைக்கும் குதிரைகள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் ஓடை வழி, முழுக்கக் கல்லும் பாறையும். வெறுங்குளம்போடு நான்கு அடி வைத்துப் பார்த்துவிட்டு மூன்று குதிரைகளும் நின்றுவிட்டன. தட்டினார்கள், கொஞ்சினார்கள், மொக்கையன் தன் குதிரையின் காதில் ஊர்ப் பயிரின் நிலைமையை விளக்கிச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை.

"எறங்கிப் புடிச்சு இழுத்தா வரும்" என்றான் ஒச்சு.

"சேணத்தை விட்டு எறங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கில்ல?" என்று சுருளி அதட்டினான்.

எனவே மூவரும் நின்ற குதிரைகளின் மேல் உட்கார்ந்தே இருந்தார்கள். வெயில் ஏறியது. எதிர்ச் சரிவில் கருங்குரங்குகள் கூட்டமாக வந்து கிளையில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தன. ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டன. கடைசியில் ஒச்சுவின் குதிரைக்கு அலுத்துப்போய் அது படுத்துக்கொண்டது. ஒச்சுவின் இரண்டு காலும் தரையைத் தொட்டன. அவன் அலறினான்.

"அண்ணே, நான் எறங்கலைண்ணே! குதிரைதான் எறங்கிருச்சு!"

மொக்கையனின் முகம் மலர்ந்தது. "ஒச்சு, எந்திரிடா. சேணத்தை விடாம அப்படியே எந்திரி."

வயிற்று வாரை அவிழ்த்து, சேணத்தைத் தொடையில் இடுக்கிக்கொண்டு ஒச்சு எழுந்தான். குதிரை கீழே, ஒச்சு மேலே, சேணம் அவனோடு.

"பாத்தியா? அய்யா சேணத்தை விட்டு எறங்காதேன்னுதான் சொன்னாரு. குதிரையை விட்டு எறங்காதேன்னு ஒரு வார்த்தை சொன்னாரா?" என்றான் மொக்கையன்.

சொல்லவில்லை. மூவரும் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு வார்த்தை ஞாபகத்தில் அகப்படவில்லை. மற்ற இருவரும் உட்கார்ந்தபடியே குனிந்து வாரை அவிழ்த்தார்கள். அவிழ்ந்ததும் சேணத்தோடு சேர்ந்து பொத்தென்று விழுந்தார்கள். விழும்போதும் சேணத்தை விடவில்லை. அதே வாரால் சேணத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குதிரைகளைப் புல்லில் மேய விட்டுவிட்டு, காலை அகட்டி அகட்டி ஏற ஆரம்பித்தார்கள். ஆளேறா மலையில் குதிரைச் சவாரி செய்தவர்கள் இன்றைக்கும் அவர்கள் மூன்று பேர்தான்.

போகப் போகக் காடு இருண்டது. ஓடை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஒன்றில் பாறை, இன்னொன்றில் ஈச்சம்புதர். அந்த நேரம் புதருக்குள்ளிருந்து ஒரு கரடி வந்தது. நல்ல வளர்ந்த கரடி. பின்னங்காலில் எழுந்து நின்று மூவரையும் பார்த்தது.

"அண்ணே, கரடி" என்றான் ஒச்சு.

"கண்ணு தெரியுதுடா. எதிர்ல யாரு வந்தாலும் வழி கேக்கச் சொன்னாருல்ல?"

"கரடிகிட்டயா?"

"நம்ம ஊருக்கு அசலூர்க்காரன் வந்தா யாரு வழி சொல்றா? நாமதானே. இது அவுக ஊரு. அவுகதான் சொல்லணும்" என்றான் சுருளி.

மூவரும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகூப்பியபடி கரடியை நெருங்கினார்கள். "அய்யா, நரியூத்து ஓடை எந்தப் பக்கமுங்க?" என்று மொக்கையன் குனிந்து கேட்டான்.

அந்தக் கரடி மனிதர்களைப் பார்த்திருக்கலாம், குதிரைகளையும் பார்த்திருக்கலாம். இடுப்புவரை குதிரையும் அதற்கு மேல் மனிதனுமாக, பல வருஷக் கருவாட்டு வாடை ஊறிய சேணத்தோடு, ஓடாமல் கும்பிட்டுக்கொண்டே கிட்டே வருகிற ஒன்றை அது பார்த்ததில்லை. மூக்கைச் சுளித்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் பாறைப் பக்கமாக ஓட்டம் பிடித்தது.

"எவ்வளவு தங்கமான மனுசன்! வழி சொல்றதோட நிக்காம கூடவே வந்து காட்டுறாரு பாரு" என்று சொல்லிக்கொண்டு மொக்கையன் பின்னாலேயே ஓடினான். கரடி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டியது.

கரடி ஓடிய வழி சரியான வழிதான். மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை குறுகும் இடத்தில் ஒரு பெரிய நாவல் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதில் சருகும் மண்ணும் கல்லும் வந்து சேர்ந்து, கெட்டியான அணையாகி, பின்னால் குளம்போலத் தண்ணீர் தேங்கி நின்றது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. கீழே பயிர் வாடிக் கிடப்பது அவர்களுக்கும் வருத்தம்தான். முட்டாள்களுக்கும் வயிறு உண்டு.

வாரின் மிச்ச நுனியை மரத்தில் கட்டி இழுப்பது என்று முடிவானது. சேணம் கட்டியிருப்பது குதிரை, எனவே இழுக்க வேண்டியது சேணம் கட்டியவர்கள். ஓட்டுவது யார்? குதிரைமேல் இருப்பவர்கள். அதுவும் அவர்களேதான். "ஹை! ஹை!" என்று தங்களைத் தாங்களே அதட்டிக்கொண்டு, தங்கள் முதுகில் தாங்களே தட்டிக்கொண்டு இழுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் சொன்ன பேச்சைக் குதிரை தட்டாமல் கேட்டது. மரம் அசைந்தது, புரண்டது, தண்ணீர் ஹோவென்று பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

மூவரும் துள்ளிக் குதித்தார்கள். சேணத்தோடு குதிப்பது சுலபமில்லை, இருந்தும் குதித்தார்கள். முதலில் நின்றவன் சுருளி.

"அண்ணே, தண்ணி போகுது."

"போகட்டும்டா. அதுக்குத்தானே வந்தோம்."

"நமக்கு முன்னாடி போகுதுண்ணே."

மொக்கையனுக்குச் சிரிப்பு நின்றது. தண்ணீர் வருவதற்கு முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்பது அம்பலக்காரர் கட்டளை. தண்ணீரோ இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது.

"கொஞ்சம் நின்னு போகச் சொல்லுங்கண்ணே" என்றான் ஒச்சு.

"நின்னு போற ஆளா அது? எவ்வளவு அவசரம் பாரு."

"ஓடிப் புடிச்சிருவோமா?"

"சேணத்தைக் கட்டிக்கிட்டா?"

"கரை ஒடைஞ்சா அய்யா நம்மளைச் சும்மா விடமாட்டாரு" என்றான் சுருளி. "நாம முதல்ல, தண்ணி ரெண்டாவது. அதுதான் பேச்சு."

வேறு வழி இல்லை. மூவரும் ஓடைக்குள் இறங்கினார்கள். கல்லை உருட்டினார்கள், கிளையை முறித்துப் போட்டார்கள், மண்ணை வாரிக் கொட்டினார்கள். மரத்தை இழுக்கப் பட்ட பாட்டைவிட இருமடங்கு பாடுபட்டு, திறந்த ஓடையை மறுபடி அடைத்தார்கள். அதற்குள் கீழே ஓடிப்போன தண்ணீரை வழியில் இருந்த பள்ளங்களே குடித்துவிட்டன. நடுவில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் எதை வைத்தாலும் அடையவில்லை. ஒச்சு அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். கச்சிதமாக அடைந்தது.

"ஒச்சு, நாங்க போயி அய்யாகிட்டச் சொல்லிட்டு வந்து உன்னை எந்திரிக்கச் சொல்றோம். அதுவரைக்கும் நகரக்கூடாது" என்றான் மொக்கையன்.

"நகரமாட்டேண்ணே."

நெல்லைக் காப்பாற்றப் போனவர்கள் இப்படியாக ஓடையைத் தண்ணீர் கசியாதபடி அடைத்துவிட்டு, தம்பியை அதற்கு மூடியாக வைத்துவிட்டு, சேதி சொல்லக் கிளம்பினார்கள். குதிரைகளைப் பிடிக்கப் போனால் அவை நல்ல புல்லைக் கண்ட சந்தோஷத்தில் மலையின் மறுசரிவுக்கே போயிருந்தன. பிடித்து, சேணம் ஏற்றி, அந்தப் பக்கமாகவே சுற்றி இறங்கி, புளியமரத்தடிக்கு வந்து, எந்தக் குளம்புக்கு எந்த லாடம் என்று தர்க்கம் செய்து அடித்து முடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது.

அதற்கெல்லாம் முன்பே ஒச்சு ஊருக்கு வந்துவிட்டான்.

அவன்மேல் பிழை இல்லை. அண்ணன் சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். மலைமேல் ஒரு மழை பெய்தது. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் அணை மொத்தமும் ஒச்சுவோடு சேர்ந்து கிளம்பியது. சேணத்துக்குள் வைக்கோல் திணித்திருந்ததால் அது தெப்பம்போல மிதந்தது. அதில் உட்கார்ந்தபடியே அவன் வெள்ளத்துக்கு முன்னால் மலையிறங்கினான்.

அம்பலக்காரர் மடைக்கரையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடையில் ஏதோ இரைச்சல் கேட்டது. வளைவைத் தாண்டி ஒச்சு வந்தான். அவனுக்குப் பின்னால் மண் நிறத்தில் தண்ணீர் வந்தது.

"நான் நகரலை! நான் நகரவே இல்லை!" என்று ஒச்சு கத்தினான். "நான் உக்காந்திருந்த எடந்தான் நகந்துருச்சு!"

"தண்ணி வருதாடா?" என்று அம்பலக்காரர் கத்தினார்.

"அதை மொக்கையண்ணன் வந்து சொல்லுவாரு!" என்று சொல்லிக்கொண்டே ஒச்சு அவரைக் கடந்து போனான்.

அவர் மொக்கையனுக்காகக் காத்திருக்கவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மடைமேல் பாய்ந்து பலகையைத் தூக்கினார். தண்ணீர் வாய்க்காலுக்குள் திரும்பியது. கரை தப்பித்தது. வாய்க்கால் நிரம்பி, வயல் நிரம்பி, மேட்டு நிலமும் நனைந்தது. ஊரே சேற்றில் இறங்கிக் குலவையிட்டது. அம்பலக்காரர் யாருக்கும் தெரியாமல் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டார். வாய்க்கால் ஓரத்துக் கருவேலமரத்தில் சிக்கியிருந்த ஒச்சுவை எடுத்து வந்து, அவனுக்கு இலை போட்டுக் கறிச்சோறு போட்டார்கள்.

மறுநாள் காலையில் மொக்கையனும் சுருளியும் ஒச்சுவின் குதிரையையும் கூடவே இழுத்துக்கொண்டு குதிரையில் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் தளும்பும் வயலில் அம்பலக்காரர் முழங்கால்வரை நின்று வாய்மடை திருத்திக்கொண்டிருந்தார். ஒச்சுவும் பக்கத்தில் நின்றான். இருவரும் குதிரையை விட்டு இறங்கி, தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வந்து கைகூப்பினார்கள்.

"அய்யா, தண்ணி வரப்போகுது. மடையைத் தெறந்து வைங்க" என்றான் மொக்கையன்.

அம்பலக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வந்துருச்சுடா கிறுக்குப்பயலுகளா! நேத்தே வந்துருச்சு!"

"வந்திருக்காதுங்கய்யா. நாங்க இப்பத்தானே சொல்றோம்?"

"அப்ப நீ நிக்கிறது எதுலடா?"

சுருளி குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான். "இதுவும் தண்ணிதானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா இது சொல்லாம வந்த தண்ணி. எங்க தண்ணி மேல அடைச்சுக் கெடக்கு. இப்பச் சொல்லியாச்சுல்ல? போய்த் தெறந்துவிட்டா வந்துரும்."

அம்பலக்காரருக்கு அன்றைக்கு யாரையும் மறுத்துப் பேச மனசில்லை. பயிர் பிழைத்த சந்தோஷம். போய்ப் பார்த்தால் தானே புரிந்துகொண்டு திரும்பட்டும் என்று நினைத்து, "சரிப்பா, போய்ட்டு வாங்க" என்றார். மூவரும் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒச்சு கேட்டது அவர் காதில் விழுந்தது.

"அண்ணே, அங்க அடைச்சதெல்லாம் என்கூடயே வந்துருச்சேண்ணே. இனிமே எதைத் தெறக்கிறது?"

மொக்கையன் நின்று யோசித்தான். "அதுக்கென்னடா. முதல்ல அடைப்போம், அப்புறம் தெறப்போம்."

"இந்தத் தடவை நல்லாக் கெட்டியா அடைக்கணும்ணே" என்றான் சுருளி. "எந்த மழைக்கும் ஒடையக் கூடாது."

அம்பலக்காரர் கையிலிருந்த மண்வெட்டி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"டேய்! புடிங்கடா அவனுகளை! மலையேற விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஏறி ஓடினார். களை எடுத்தவர்கள், மடை பார்த்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் ஓடினார்கள்.

இரைச்சல் கேட்டு மொக்கையன் திரும்பிப் பார்த்தான். ஊரே திரண்டு, சேறும் சகதியுமாகக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. அவனும் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

"பாத்தீங்களாடா, நமக்கு ஒத்தாசை பண்ண ஊரே கூட வருது."

"அவுகளுக்கு எதுக்குண்ணே சிரமம்?" என்றான் சுருளி. "அவுக வந்து சேர்றதுக்குள்ள நாம போயி அடைச்சு வச்சிருவோம்."

மூவரும் குதிரையில் தாவி ஏறினார்கள். இந்தத் தடவை குதிரைகள் பறந்தன.